‘பீர்னா இப்படித்தான் இருக்கும்’: லைட் பீர் காய்ச்சும் ஆலைகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆலை நிர்வாகிகளுக்கும், ப்ரூமாஸ்டர்களுக்கும், கிடங்கு வைத்து பீர் விநியோகிப்பவர்களுக்கும்,

வணக்கம்.

நான் 19 வருடம் ஒரு பீர் ஆலையின் லேப்பில் வேலை பார்த்தவள். தினமும் காலை பதினொரு மணிக்கு, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால், சுவை பார்க்கும் அறையில் உட்காருவோம். அந்த அறைக்குள் சென்ட் கூடாது, பவுடர் கூடாது, தலையில் பூ கூடாது. பீருக்குக் கசப்பும் வாசமும் தருகிற ஹாப்ஸ் என்ற பூவின் வாசத்தை மல்லிகை வாசம் மறைத்துவிடும். அதனால் 19 வருடம் வேலை நாளில் நான் பூ வைத்ததில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஒரு வாய் பீரில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிப்பதை அந்த அறை எவ்வளவு முக்கியமாக நினைத்தது என்று உங்களுக்கு நினைவுபடுத்தத்தான் சொல்கிறேன். உங்கள் ஒவ்வொரு ஆலையிலும் அப்படி ஓர் அறை இருக்கிறது.

சில மாதங்களுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரியில் என் பெரியப்பா மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். அண்ணன் கொத்தனார். ஞாயிறு மத்தியானம் ஒரு பாட்டில், அதுவும் லைட் மட்டும்தான். “ஸ்ட்ராங் அடிச்சா திங்கக்கிழமை சாரம் ஏற முடியாது பாப்பா” என்பார். அன்றைக்கும் கடையில் இருந்ததிலேயே விலை குறைந்த லைட் பீரை வாங்கி வந்திருந்தார். மூடியைத் திறந்ததும் பழக்க தோஷத்தில் பாட்டிலை வாங்கி முகர்ந்து பார்த்தேன். முதலில் வந்தது மழையில் நனைந்து காய்ந்த அட்டைப்பெட்டி வாடை. அதற்கு அடியில் லேசாகத் தேன் மாதிரி ஒரு தித்திப்பு. கசப்பின் கூர் செத்துப்போயிருந்தது. லேபிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பாட்டிலில் நிரப்பிய தேதி பாதி அழிந்திருந்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் படித்ததில் ஐந்து மாதம் ஆகியிருந்தது தெரிந்தது.

“அண்ணா, இது கெட்டுப்போன பீர்” என்றேன்.

அவர் ஒரு மடக்கு குடித்துவிட்டுச் சொன்னார்: “இல்ல பாப்பா, பீர்னா இப்படித்தான் இருக்கும்.”

அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த மடல். பதினெட்டு வயதிலிருந்து சித்தாளாகவும் கொத்தனாராகவும் வெயிலில் நின்ற ஒரு மனிதர், முப்பது வருடமாகக் காசு கொடுத்து வாங்கிக் குடிக்கிறார். நீங்கள் காய்ச்சிய பீர் உண்மையில் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. பழசாகிப்போன வாடையையே பீரின் ருசி என்று அவர் நாக்கு பழகிவிட்டது. அவர் ஒருவருக்கு மட்டும் நடந்த கதை இல்லை இது.

குடிக்கச் சொல்லி யாரையும் தூண்டுவது என் வேலை இல்லை. குடிக்காதவர் குடிக்காமலே இருக்கட்டும். பழைய பீர் விஷமாகிவிடும் என்று பயமுறுத்தவும் வரவில்லை. சரியாகப் பாஸ்ச்சரைஸ் செய்த, அதாவது சூடு காட்டிக் கிருமி நீக்கிய பீரில் சாவது ருசிதான். ஆனால் காசு வாங்கிக்கொண்டு கொடுக்கிற பொருள், கொடுக்கும்போது உயிரோடு இருக்க வேண்டும்.

லைட் பீர் என்றாலே உங்கள் ஆட்களில் சிலருக்கு ஓர் இளக்காரம் உண்டு. என்னோடு வேலை பார்த்தவர்களிடமும் அதைப் பார்த்திருக்கிறேன். “தண்ணி பீர்தானே, எப்படி இருந்தா என்ன” என்பார்கள். காய்ச்சுகிறவர்களுக்கு உண்மை தெரியும். எல்லா பீரிலும் கடினமானது அதுதான். வீட்டில் மாவு புளித்துப்போனால் வெங்காயம், பச்சை மிளகாய் அள்ளிப் போட்டு ஊத்தப்பமாக ஊற்றித் தப்பித்துவிடலாம். இட்லியாக ஊற்றித் தப்பிக்க முடியாது. கருத்த ஸ்டவுட் பீரில் வறுத்த மால்ட்டின் (முளைகட்டிக் காயவைத்த பார்லியின்) காபிக் கசப்பு பத்துக் குறையை மூடிவிடும். லைட் பீரில் மூட எதுவுமே இல்லை. தண்ணீர், கொஞ்சம் பார்லி மால்ட், கொஞ்சம் அரிசி அல்லது மக்காச்சோளம், நாக்கில் பட்டும் படாமலும் ஹாப்ஸ் கசப்பு, அவ்வளவுதான். நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர். அதில் ஈஸ்ட் ஒரு நாள் முகம் சுளித்தாலும் கிளாஸில் தெரியும்.

அரிசி போடுவதால்தான் ருசி கெடுகிறது என்று பெரிய பாரில் உட்கார்ந்து பேசுகிறவர்கள் சொல்வதையும் நான் ஏற்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவுக்குப் போன ஜெர்மன் காய்ச்சுநர்களுக்கு அங்கே கிடைத்தது கதிரில் ஆறு வரிசையாக மணி பிடிக்கும் ஆறு வரிசைப் பார்லி. அதில் புரதம் அதிகம், பீர் கலங்கலாக வந்தது. அரிசியும் மக்காச்சோளமும் சேர்த்த பிறகுதான் பளிங்கு மாதிரித் தெளிந்த, மெல்லிய லாகர் வகை பீர் கிடைத்தது. நம் ஊரிலும் ராஜஸ்தான், ஹரியானா பக்கம் விளையும் பார்லியில் ஆறு வரிசைதான் அதிகம். அரிசி சேர்ப்பது திருட்டு இல்லை, அது ஒரு கைத்திறன்.

‘லைட்’ என்ற பெயருக்குப் பின்னாலும் ஒரு விஞ்ஞானியின் உழைப்பு இருக்கிறது. ஜோசப் ஓவேட்ஸ் என்கிற உயிர்வேதியியலாளர் நியூயார்க்கில் ரைன்கோல்ட் ஆலையில் வேலை பார்த்தவர். மால்ட்டை ஊறவைக்கும்போது மாவுச்சத்து முழுக்கச் சர்க்கரையாக உடைவதில்லை. ஈஸ்ட்டால் தின்ன முடியாத டெக்ஸ்ட்ரின் துண்டுகள் பீரிலேயே தங்கி, வாய்க்குக் கனத்தையும் உடம்புக்குக் கலோரியையும் கொடுக்கும். அந்தத் துண்டுகளையும் உடைத்து ஈஸ்ட்டுக்குத் தீனியாக்கும் ஒரு நொதியை அவர் பயன்படுத்தினார். 1967-இல் அது ‘காப்லிங்கர்ஸ்’ என்ற பெயரில் வந்தது, விற்கவில்லை. பிறகு சிகாகோவின் ‘மைஸ்டர் ப்ராவ் லைட்’, அதை 1972-இல் வாங்கிய மில்லர் நிறுவனம், 1975-இல் அமெரிக்கா முழுக்க ‘மில்லர் லைட்’. 355 மில்லிக்கு 96 கலோரி, 4.2 சதவீத ஆல்கஹால். நம் கடைகளில் ‘லைட்’ என்றால் அர்த்தம் வேறு. ஸ்ட்ராங் இல்லாத எல்லாமே இங்கே லைட்தான். உணவுப் பாதுகாப்பு விதிகளும் 5 சதவீதத்தில் கோடு போடுகின்றன. அதற்கு மேல் 8 வரை ஸ்ட்ராங், கீழே மைல்டு. பெயர் எதுவானாலும் நான் பேசுவது அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கிற, விலை குறைந்த, அண்ணன் வாங்குகிற பாட்டிலைப் பற்றித்தான்.

எங்கே கெடுகிறது என்று சொல்கிறேன். உங்களுக்குத் தெரியாதது எதுவும் இதில் இல்லை. ஆனாலும் வாசகர்களுக்காகச் சொல்லியாக வேண்டும்.

முதல் கேடு டேங்க்கிலேயே நடக்கிறது. லைட் பீரும் லாகர் வகைதான். லாகர் என்ற ஜெர்மன் சொல்லுக்கே கிடங்கில் வைத்திருப்பது என்றுதான் பொருள். பத்து, பன்னிரண்டு டிகிரியில் நிதானமாக நொதிக்கவிட்டு, பிறகு சைபர் டிகிரிக்குப் பக்கத்தில் வாரக்கணக்கில் தூங்கவிட வேண்டும். நொதிக்கும்போது ஈஸ்ட் ஒரு பொருளை வெளியே விடும், அதுதான் பிறகு டைஅசிட்டைல் ஆகிறது. தியேட்டர் பாப்கார்னில் அடிக்கிற அந்த வெண்ணெய் வாசனை. ஒரு லிட்டரில் 0.1 மில்லிகிராம் இருந்தாலே பழகின மூக்குக்குத் தெரியும். கொஞ்ச நாள் பொறுத்தால் ஈஸ்ட்டே அதைத் திரும்பத் தின்று சுத்தம் செய்துவிடும். அந்தக் கொஞ்ச நாளைக் கொடுப்பதற்குத்தான் ஆட்களுக்கு மனசு வருவதில்லை.

ஒரு கோடை எனக்கு மறக்காது. ஏப்ரல் கடைசி. லாரிகள் கேட்டுக்கு வெளியே வரிசையில் நிற்கின்றன. பதினாலாம் நம்பர் டேங்க்கிலிருந்து சாம்பிள் எடுத்தேன். இரண்டு குடுவை. இரண்டின் வாயையும் அலுமினியத் தாளால் மூடி, ஒன்றை 60 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் வைத்தேன், மற்றதை அப்படியே விட்டேன். பின்னால் டைஅசிட்டைல் ஆகப்போகிற மிச்சத்தை அந்தச் சூடு இப்போதே காட்டிக்கொடுத்துவிடும். பிறகு இரண்டையும் ஒரே குளிருக்குக் கொண்டுவந்து தாளைப் பிரித்தேன். சூடு காட்டிய குடுவையிலிருந்து வெண்ணெய் வாசனை குப்பென்று ஏறியது. ஈஸ்ட் இன்னும் வேலையை முடிக்கவில்லை, நாலு நாளாவது வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். மேலிருந்து வந்த பதில்: “அனுப்பிடலாம். ஐஸ் மாதிரி குளிர வச்சுத்தான குடிக்கப் போறாங்க, தெரியாது.”

டேங்க் அன்று சாயங்காலமே காலியானது. என் கையெழுத்து இல்லாமல் போனது என்று நான் ஆறுதல் பட்டுக்கொள்ளலாம். ஆனால் மறுநாளும் நான் வேலைக்குப் போனேன், அதற்கு அடுத்த நாளும் போனேன். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

‘குளிர வைத்தால் தெரியாது’ என்பது உண்மைதான். அதனால்தான் அது இத்தனை நாள் செல்லுபடியாகிறது. நாக்கு மரத்துப்போகும் அளவுக்குக் குளிர்ந்தால் எந்தக் குறையும் தெரியாது, எந்த நிறையும் தெரியாது. கடைக்கு வருகிறவர் முதலில் கேட்பதே “கூலிங் இருக்கா?” என்றுதான். வெயிலுக்காக மட்டும் கேட்கிறார் என்று நினைக்காதீர்கள். கூலிங் இல்லாமல் அதைக் குடிக்க முடியாது என்று அனுபவத்தில் கண்டுகொண்டதால் கேட்கிறார்.

அடுத்த கேடு, டேங்க்கை விட்டு வெளியே வந்த பிறகு. உங்களில் பலர் கெட்டியாகக் காய்ச்சிவிட்டுக் கடைசியில் தண்ணீர் கலந்து அளவுக்குக் கொண்டுவருகிறீர்கள். அதில் தவறில்லை, உலகம் முழுக்கச் செய்கிறார்கள். ஆனால் கலக்கும் தண்ணீரில் ஆக்ஸிஜன் இருக்கக் கூடாது. நூறு கோடியில் சில பத்துப் பங்கு என்ற அளவுக்குக் கீழே இறக்க வேண்டும். நிரப்பும் இடத்தில் பாட்டில் கழுத்தில் காற்று மாட்டிக்கொள்ளக் கூடாது. நுரை வாய்வரை பொங்கி வந்த பிறகுதான் மூடி விழ வேண்டும். இதில் கண் அயர்ந்தால், பாட்டிலுக்குள் போன அந்தத் துளிக் காற்றுதான் ஐந்து மாதம் கழித்து அண்ணன் வீட்டில் அட்டைப்பெட்டியாக மணக்கிறது. அந்த வாடையைத் தரும் பொருளுக்கு டிரான்ஸ்-2-நோனினால் என்று பெயர். நூறு கோடியில் ஒரு பங்கில் பத்தில் ஒன்று இருந்தாலே மனித மூக்கு கண்டுபிடித்துவிடும்.

பிறகு சூடு. காய்ச்சுகிறவர்களிடையே ஒரு கைக்கணக்கு உண்டு: 32 டிகிரியில் 3 நாள், 22 டிகிரியில் 30 நாள், 3 டிகிரியில் 300 நாள். மூன்றும் பீரை ஒரே அளவுக்குப் பழசாக்கும். தோராயக் கணக்குதான், ஆனால் போகிற திசை சரி. நம் ஊரில் 32 டிகிரி என்பது கோடை கூட இல்லை, சாதாரண நாள். தகரக் கூரை போட்ட கிடங்குக்குள் மே மாத மத்தியானம் என்ன சூடு இருக்கும் என்று உங்கள் அதிகாரிகள் ஒருவராவது தெர்மாமீட்டரோடு போய் நின்று பார்த்ததுண்டா? இந்த நாட்டில் முதல் ஆலைகளைத் தொடங்கியவர்கள் கசௌலி மலைக்கும் நீலகிரிக்கும் ஏறிப்போனதே குளிருக்காகத்தான். நாம் குளிர்பதன இயந்திரத்தின் தயவில் சமவெளிக்கு இறங்கி வந்துவிட்டோம். ஆனால் அந்தக் குளிர் ஆலைக் கேட்டோடு நின்றுவிடுகிறது. கேட்டுக்கு வெளியே லாரியில் தார்ப்பாய், கிடங்கில் தகரம், கடை வாசலில் வெயில்.

வெயில் என்றதும் இன்னொன்று சொல்ல வேண்டும். ஹாப்ஸ் கசப்பும் பீரில் இயல்பாக இருக்கும் பி-2 வைட்டமினும் வெளிச்சம் பட்டால் சேர்ந்து ஒரு கந்தகப் பொருளை உண்டாக்கும். அமெரிக்கர்கள் அதை ஸ்கங்க் என்ற விலங்கின் நாற்றத்தோடு ஒப்பிடுவார்கள். நாம் அந்த விலங்கைப் பார்த்ததில்லை. அழுகிய பூண்டையும் கருகிய ரப்பரையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். நல்ல வெயிலில் இதற்குச் சில நிமிடம் போதும். பழுப்புப் பாட்டில் இந்தக் கெடுதலைப் பெரும்பாலும் தடுக்கிறது. பச்சை சரியாகத் தடுக்காது, நிறமில்லாத வெள்ளைப் பாட்டில் தடுக்கவே தடுக்காது. பார்வைக்கு அழகாக இருக்கிறது என்று மென்மையான பீரைப் பச்சையிலும் வெள்ளையிலும் அடைக்கிறீர்கள். தனியாகப் பதப்படுத்திய ஹாப்ஸ் சாறு பயன்படுத்தினால் வெள்ளைப் பாட்டிலிலும் இந்த வாடை வராது. அந்தச் செலவைச் செய்யவில்லை என்றால் பழுப்பிலேயே விடுங்கள். திரும்பி வந்த பழைய பாட்டில் என்றாலும் எனக்கு ஆட்சேபமில்லை. உரசி உரசித் தோளில் வெள்ளை வளையம் விழுந்திருந்தாலும், நன்றாகக் கழுவிய பழுப்புப் பாட்டில் பீரை மதிக்கிறது.

நம் ஊரில் பீர் குடிப்பவர்கள் செய்யும் ஒரு காரியத்தை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பாட்டிலைத் திறந்து, வாயைக் கட்டை விரலால் மூடி, தண்ணீர் நிறைந்த டம்ளரில் தலைகீழாகக் கவிழ்ப்பார்கள். பாட்டிலிலிருந்து ஏதோ கெட்டியாகக் கோடு கோடாக இறங்கும். “கிளிசரின் போகுது பார்” என்பார்கள். அது போனால்தான் தலைவலி வராதாம். இறங்குவது கிளிசரின் இல்லை, பீரேதான். கரைந்திருக்கும் டெக்ஸ்ட்ரினால் பீர் தண்ணீரைவிடக் கொஞ்சம் கனம். கனமானது கீழே இறங்குகிறது, தண்ணீர் மேலே ஏறுகிறது. கடைசியில் மிஞ்சுவது தண்ணீர் கலந்த, பாதி காஸ் போன பீர்.

இதைச் சொல்லி ஆலைக்காரர்கள் சிரிப்பதைக் கேட்டிருக்கிறேன். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை. தன் காசில் வாங்கிய பொருளில் ஏதோ சரியில்லை என்று அந்த மனிதருக்குத் தெரிகிறது. என்னவென்று சொல்ல ஆள் இல்லை. லேபிளில் படிக்கிற மாதிரி தேதி இல்லை, என்னென்ன போட்டோம் என்று அவர் மொழியில் ஒரு வரி இல்லை. அதனால் அவரே ஒரு காரணத்தையும் அதற்கு ஒரு வைத்தியத்தையும் கண்டுபிடித்துக்கொண்டார். நீங்கள் பேசாமல் விட்ட இடத்தில்தான் கிளிசரின் வந்து உட்கார்ந்தது.

ஸ்ட்ராங் பீர்தான் விற்கிறது, லைட்டை யார் கேட்கிறார்கள் என்று சொல்வீர்கள். உண்மை, இந்தியாவில் விற்கும் பீரில் மிகப் பெரிய பங்கு ஸ்ட்ராங்தான். ஆனால் இது எப்படி வந்தது என்றும் பாருங்கள். ஏறக்குறைய அதே விலைக்கு இரண்டு பாட்டில் இருக்கிறது. ஒன்றில் போதை அதிகம். இன்னொன்றில் ருசி இருக்க வேண்டும், ஆனால் அது கிடங்கிலேயே செத்துவிட்டது. வாங்குகிறவர் வேறு எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்? 650 மில்லி பாட்டிலில் 8 சதவீதம் என்றால் 52 மில்லி ஆல்கஹால். 4.5 சதவீதம் என்றால் 29 மில்லி. திங்கட்கிழமை சாரம் ஏற வேண்டிய ஒருவருக்கு அந்த 23 மில்லி சின்ன விஷயம் இல்லை. அளவோடு நிறுத்த நினைக்கிறவர் கையில் இருக்கும் ஒரே பாட்டிலை நீங்கள் கவனிப்பாரற்று விட்டுவிட்டு, பிறகு மக்களுக்கு ஸ்ட்ராங்தான் பிடிக்கிறது என்று கணக்கு எழுதுகிறீர்கள். இதில்தான் எனக்கு உண்மையிலேயே கோபம்.

நான் கேட்பது பெரிய செலவு எதுவும் இல்லை. நிரப்பிய தேதியை லேபிளின் முகத்தில், கண்ணாடி போடாமல் படிக்கிற அளவில், ஈரக் கை பட்டால் அழியாத மையில் அச்சிடுங்கள். ‘ஆறு மாதத்துக்குள் பயன்படுத்தவும்’ என்ற வரி மட்டும் போதாது. அந்த ஆறு மாதம் எந்தச் சூட்டில் என்று நீங்களும் எழுதுவதில்லை, கடைக்காரரும் கேட்பதில்லை. கிடங்கில் முதலில் வந்த பெட்டி முதலில் வெளியேறட்டும். இப்போது நேற்று வந்த பெட்டி முன்னால் இருப்பதால் அது போய்விடுகிறது, பழையது சுவரோரம் வெந்துகொண்டே கிடக்கிறது. நாள் கடந்த சரக்கைக் கடைக்காரர் நஷ்டப்படாமல் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அவர் அதை எப்படியாவது தள்ளத்தான் பார்ப்பார், அவரைக் குற்றம் சொல்ல முடியாது. கோடையில் டேங்க்குக்கு அந்த நாலு நாளைக் கொடுங்கள். லேப்பில் ஒருவர் வேண்டாம் என்று எழுதினால் அந்தத் தாளுக்கு மதிப்பு இருக்கட்டும்.

வேலையை விட்டு வருவதற்கு முன்னால் ஒரு தடவை, அன்று காலை நிரப்பிய லைட் பாட்டில் ஒன்றை முறைப்படி பில் போட்டு வாங்கி, ஐஸ் பெட்டியில் வைத்து அண்ணனுக்குக் கொண்டுபோனேன். அவர் எப்போதும் குடிக்கிற அதே லேபிள், அதே விலை. உறைகிற குளிரில் கொடுக்கவில்லை. கொஞ்ச நேரம் வெளியே வைத்து, கிளாஸில் ஊற்றினேன். நுரை வெள்ளையாக இரண்டு விரல்கிடை நின்றது. குடிக்கக் குடிக்கக் கிளாஸின் உள்பக்கம் கோலம் மாதிரி வளையம் வளையமாக ஒட்டியது. அவர் முகர்ந்து பார்த்தார். “ரொட்டி வாசம் வருது” என்றார். அது மால்ட் வாசம். இரண்டாவது வாயில் “கடைசியில எலுமிச்சைத் தோல் மாதிரி லேசா கசக்குது” என்றார். அது ஹாப்ஸ். யாரும் சொல்லிக்கொடுக்காமல், ஒரு பரீட்சையும் எழுதாமல், எங்கள் சுவை அறையில் நாங்கள் குறிப்பேட்டில் எழுதுகிற வார்த்தைகளை அந்தக் கொத்தனார் சொன்னார். கிளாஸைக் கீழே வைத்துவிட்டு லேபிளைப் பார்த்தார்.

“இது வேற கம்பெனியா பாப்பா?”

இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. அதற்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் கடையில் அதையேதான் வாங்குகிறார். ஒவ்வொரு முறையும் அந்த ரொட்டி வாசத்தைத் தேடியிருப்பார். கிடைக்காமல் கிடைக்காமல், நான் கொண்டுவந்தது ஏதோ ஸ்பெஷல் சரக்கு, பீர்னா இப்படித்தான் இருக்கும் என்ற பழைய முடிவுக்கே திரும்பிவிட்டார்.

அடுத்த கோடைக்கான திட்டத்தைப் போடத் தொடங்கியிருப்பீர்கள். அதற்கு முன் உங்கள் சுவை அறையில் மூன்று கிளாஸ் வையுங்கள். இரண்டில் அன்று லைனிலிருந்து எடுத்த லைட் பீர். ஒன்றில் நெடுஞ்சாலையோரக் கடை ஒன்றில் நாலு மாதமாக இருக்கும் அதே பீர். 12 டிகிரியில் வையுங்கள், ஐஸ் வேண்டாம். நிர்வாக இயக்குநரையும் விற்பனை மேலாளரையும் உட்காரவைத்து, எது வேறு என்று கேளுங்கள். பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டால் நானும் வருகிறேன். பஸ் செலவு என்னுடையது, அன்றைக்கும் பூ வைத்துக்கொள்ளாமல் வருகிறேன். முடிந்தால் அண்ணனையும் கூட்டி வருகிறேன்.

இப்படிக்கு,
பீர் ஆலை ஒன்றின் முன்னாள் லேப் ஊழியர்